என்லார்ஜரைக் கடைசியில் வாங்குங்கள்: சேலத்து வீட்டில் டார்க் ரூம் அமைக்கும் வரிசை

"மூடிய ஸ்டூடியோ ஒன்றில் என்லார்ஜர் சும்மா கிடக்கிறது, மலிவாகத் தருகிறார்களாம், வாங்கிவிடட்டுமா?" வீட்டில் டார்க் ரூம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழ வைக்கும் கருவிதான் என்லார்ஜர். "உங்கள் பாத்ரூம் பரண் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பேன். சம்பந்தமில்லாமல் பேசுகிறானே என்று பார்ப்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. சேலத்தின் குகைப் பகுதியில் ஒரு நண்பர் ஆசையாக என்லார்ஜர் வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வந்து, மேசை மேல் நிறுத்திய பிறகுதான் அதன் தலை பரணில் முட்டுவதைப் பார்த்தார். ஐந்துக்கு ஏழு அங்குலத்துக்கு மேல் பெரிதாக்க முடியவில்லை. மேசைக் கால்களை அறுத்தார். உயரம் சரியானது, அப்புறம் குனிந்து குனிந்து முதுகு போனது.

கீழே உள்ளதெல்லாம் கறுப்பு வெள்ளைக்கு மட்டும். ஃபிலிம் கழுவுவது, எட்டுக்குப் பத்து அங்குலம் வரை பிரிண்ட் போடுவது. சாமான் வாங்கும் வரிசையும் இதே வரிசைதான். ஒரு படி சரியாக வந்த பிறகே அடுத்ததற்குப் பணம் எடுங்கள்.

1. அறை

எல்லோரும் முதலில் காட்டுவது மொட்டை மாடி அறையை. யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்பார்கள். சேலத்தில் அது சரிவராது. ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். கெமிக்கலை எவ்வளவு குளிர வைத்தாலும் அரை மணியில் ஏறிவிடும். தரைத்தளத்தில் மேற்கு வெயில் படாத இடமாகப் பாருங்கள். பாத்ரூம், ஸ்டோர் ரூம், மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம், எதுவானாலும் ஐந்துக்கு ஏழு அடி இருந்தால் போதும்.

அறைக்குள் குழாய் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரிண்டை ஹைப்போ (படத்தை நிலைக்க வைக்கும் மருந்து) முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வெளியே எடுத்துப் போய்க் கழுவலாம். ஆனால் ஈரப் பக்கமும் உலர்ந்த பக்கமும் தனித்தனியாக இருக்க வேண்டும். என்லார்ஜர், பேப்பர் ஒரு பக்கம், ட்ரேக்கள் எதிர்ப்பக்கம். ஒரு சொட்டு ஹைப்போ பேப்பர் பெட்டியில் விழுந்தால் எல்லாத் தாளிலும் கறை வரும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

வெளிச்சம் அடைப்பதற்கு முன் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பதினைந்து நிமிடம், கைபேசியைத் தொடாமல். முதல் இரண்டு நிமிடத்தில் முழு இருட்டாகத் தெரியும். பத்து நிமிடம் கழித்துக் கதவுக்கு அடியில் ஒரு கோடு, எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைக்கு நடுவே ஒரு பிறை, சாவித் துவாரம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். கறுப்பு ரெக்ஸினை இரண்டு மடிப்பாக ஒட்டினால் போதும். இரவில் மட்டும் வேலை செய்வதானால் பாதிச் சிரமம் குறையும், தெருவிளக்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிர்வையும் இப்போதே பாருங்கள். அம்மாபேட்டை மாதிரி தறிகள் ஓடும் தெருவில் இருந்தால் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து டார்ச் அடியுங்கள். சுவரில் விழும் ஒளி நடுங்கினால் என்லார்ஜரும் நடுங்கும், பிரிண்ட் மங்கும். தறி நிற்கும் நேரம் பார்த்து வேலை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சுவரில் நேராகப் பதித்த பலகையில் என்லார்ஜரை வையுங்கள். சீலிங் ஃபேனும் வேண்டாம், அது தூசியைக் கிளப்பும். எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம் வேண்டும், ஹைப்போ நெடி மூச்சை அடைக்கும்.

மின்சாரம்: கை ஈரமாகத்தான் இருக்கும். எர்த் உள்ள மூன்று பின் பிளக், கசிவு மின்சாரம் வந்தால் தானாக விழும் பிரேக்கர், இரண்டும் இல்லாமல் தொடங்க வேண்டாம். இதில் சிக்கனம் கூடாது.

2. தண்ணீரும் சூடும்

முதலில் வாங்க வேண்டிய கருவி தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது காட்டும் அளவே 32 டிகிரியை ஒட்டித்தான் தொடங்கும், நமக்கு வேண்டியது 20-ஐச் சுற்றி. ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் ஆல்கஹால் தெர்மாமீட்டர் கேளுங்கள். பாதரசம் வேண்டாம், இருட்டில் உடைந்தால் கூட்டி எடுக்க முடியாது.

ஃபிலிம் டெவலப்பருக்கு (படத்தை வெளியே கொண்டுவரும் மருந்து) எல்லா அட்டவணையும் 20 டிகிரியை வைத்தே எழுதியிருக்கும். இங்கே மே மாத மாலையில் மாடித் தொட்டித் தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டியதை நானே அளந்திருக்கிறேன். அந்தச் சூட்டில் டெவலப் செய்யும் நேரம் மிகவும் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து சமமாகப் பரவ நேரமில்லாமல் படத்தில் உள்ள வானம் திட்டுத்திட்டாக வரும்.

நான் செய்வது 24 டிகிரியைப் பிடித்துக்கொள்வது. 20-க்கு இறக்கினால் அங்கேயே நிறுத்தி வைக்கப் படாத பாடு பட வேண்டும். 24 கொஞ்சம் நின்று கொடுக்கும். இல்ஃபோர்டு கம்பெனியின் ஹெச்.பி.5 பிளஸ் ஃபிலிமை ஐ.டி.11 டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24-ல் சுமார் 9 நிமிடம். தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் 20-லேயே ஏழரை நிமிடம்தான், 24-ல் ஐந்தைத் தொட்டுவிடும். சூடான ஊரில் நீர்க்கக் கலக்கும் டெவலப்பரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

குளிர வைக்க மெஷின் வேண்டாம். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, டெவலப்பர், ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் மருந்து), ஹைப்போ, கழுவும் தண்ணீர் நான்கையும் பாட்டிலோடு நிறுத்துங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டிலை நடுவில் மிதக்க விடுங்கள். ஐஸை நேராக மருந்தில் போடாதீர்கள், அது கரைந்து மருந்தின் அளவு மாறும். டெவலப்பர் 24 வந்ததும் ஐஸ் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். விட்டால் நீங்கள் ஃபிலிம் ஏற்றும் நேரத்தில் 19-க்குப் போயிருக்கும்.

கோடையில் மண்பானைத் தண்ணீரும் நன்றாக உதவும். பானையின் மேல் கசிந்த நீர் வறண்ட காற்றில் ஆவியாகிக் குளிர்விக்கும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பானை கைவிட்டுவிடும், ஆனால் அப்போது தொட்டித் தண்ணீரே இறங்கியிருக்கும்.

நான்கு பாட்டிலும் ஏன் ஒரே சூட்டில் வேண்டும்? 24-ல் டெவலப் செய்த ஃபிலிமை 35 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் ஜெலட்டின் திடீரென்று ஊதி, வலைப் பின்னலாகச் சுருங்கும் அபாயம் உண்டு. அதைத் திருத்த வழியில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதற்குப் பதில் இல்ஃபோர்டு சொல்லும் முறை நல்லது: ஃபிலிம் கழுவும் டேங்க்கில் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது முறை. மூன்று டேங்க் தண்ணீரில் வேலை முடிந்தது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்.

உப்பு இன்னொரு தொல்லை. மேட்டூர்த் தண்ணீர் வரும் வீடு தப்பித்தது. போர்வெல் தண்ணீரானால் காய்ந்த நெகட்டிவில் வெள்ளைப் புள்ளி விழும், பிரிண்டில் அது கறையாக வரும். டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். நடுவில் கழுவ எந்தத் தண்ணீரும் ஆகும்.

ஏற்காட்டில் வீடு இருப்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்துச் சிரிக்கலாம். அங்கே குழாயைத் திறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அவர்களுக்கான தொல்லை லென்ஸ் பகுதியில் வருகிறது.

3. ஃபிலிம் கழுவும் சாமான்

நெகட்டிவ் இல்லாமல் பிரிண்ட் இல்லை, அதனால் இது முன்னால். வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் டேங்க் ஒன்று, உள்ளே ஃபிலிமைச் சுற்றி வைக்கும் ரீல் இரண்டு. பேட்டர்சன் டேங்க்கானால் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி., அகலமான 120 ரோலுக்கு 500 மி.லி. மருந்து பிடிக்கும். ரீல் இரண்டு எதற்கென்றால், ஒன்று ஈரமாகிவிட்டால் அன்று அது உதவாது. துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும்.

கையை மட்டும் நுழைத்து ஃபிலிம் ஏற்றும் இருட்டுப் பையான சேஞ்சிங் பேக் வாங்கத் துடிக்கிறீர்களா? வேண்டாம். இந்த ஊர் வெக்கையில் பைக்குள் கை வியர்த்து, ஃபிலிம் ரீலில் ஏறாமல் மடங்கி, அரை மணி நேரம் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அறையை இருட்டடித்த பிறகு அங்கேயே நின்று ஏற்றுங்கள். முதலில் வீணான ரோல் ஒன்றை வெளிச்சத்தில் பத்து முறை, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை ஏற்றிப் பழகுங்கள்.

டி-76 போன்ற தூள் டெவலப்பரை 50 டிகிரிக்கு மேல் சுட்ட தண்ணீரில்தான் கரைக்க முடியும். முந்தின நாளே கலக்கி வையுங்கள். அன்றைக்கே கலக்கினால் ஆறுவதற்குள் தூக்கம் வந்துவிடும். விளிம்பு வரை நிரப்பிக் காற்றில்லாமல் மூடுங்கள், காற்று பட்டால் டெவலப்பர் பழுத்துக் கெடும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

4. சேஃப்லைட்

பேப்பரைக் கறுக்க வைக்காமல் நமக்கு வெளிச்சம் தரும் விளக்குதான் சேஃப்லைட். பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் அதிகம் பேர் விழும் குழி இது. சாமி அறையில் எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்பை மாட்டுவார்கள். பார்க்கச் சிவப்பாகத்தான் இருக்கும். பெயின்ட் பூச்சு மெலிதாக உள்ள இடத்தில் வெள்ளை ஒளி கசியும், பிரிண்ட் முழுவதும் சாம்பல் பூக்கும். அதைப் பார்த்து பேப்பர் பழசு என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

வாங்கும் முன் பழைய சி.டி. ஒன்றை எடுத்துப் போங்கள். பளபளப்பான பக்கத்தில் பல்பின் பிம்பத்தைச் சாய்த்துப் பாருங்கள், வானவில் பிரியும். சிவப்பு மட்டும் தெரிந்தால் முயற்சி செய்யலாம். பச்சையோ நீலமோ எட்டிப் பார்த்தால் வேண்டாம். மல்டிகிரேடு பேப்பர் (ஃபில்டர் மாற்றிக் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) பச்சைக்கும் நீலத்துக்கும் கறுக்கும் பேப்பர். உள்ளுக்குள்ளேயே சிவப்பாக எரியும் எல்.இ.டி. பெரும்பாலும் இந்தச் சோதனையைத் தாண்டிவிடும். இல்ஃபோர்டு 902 வகை இளம்பழுப்புக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் நிம்மதி. எதுவானாலும் பேப்பரிலிருந்து நாலடி தள்ளி மாட்டுங்கள்.

மருந்து கலந்த பிறகு காசுச் சோதனை செய்தே ஆக வேண்டும். இருட்டில் ஒரு பேப்பர் துண்டுக்கு, டெவலப் செய்தால் இலேசான சாம்பல் வரும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் காட்டுங்கள். கைபேசி டார்ச்சை நாலைந்து மடிப்பு வெள்ளைத் தாளால் மூடிக் கூரையை நோக்கி ஒரு நொடி அடித்தால் ஏறக்குறைய வரும், ஓரிரு துண்டு வீணாகும். அப்புறம் சேஃப்லைட்டைப் போட்டு, அதன் மேல் ஐந்து ரூபாய்க் காசு நான்கு வைத்து, 1, 2, 4, 8 நிமிடத்தில் ஒவ்வொன்றாக எடுங்கள். எந்தக் காசின் வட்டம் தெரிகிறதோ அந்த நேரத்துக்கு உங்கள் விளக்கு தாங்காது.

முன்கூட்டியே சாம்பலாக்குவது எதற்கு? வெளிச்சமே படாத பேப்பர் கொஞ்சம் சேஃப்லைட்டை விழுங்கிக்கொண்டு வெள்ளையாகவே நிற்கும். படம் விழுந்த பேப்பர் அப்படியில்லை, அது ஏற்கனவே விளிம்பில் நிற்கிறது. வெறும் பேப்பரில் சோதித்து "என் விளக்கு பத்து நிமிடம் தாங்கும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

5. ட்ரே, மருந்து, பேப்பர்

மூன்று ட்ரே, மூன்று நிறம், எப்போதும் அதே மருந்துக்கு அதே நிறம். எட்டுக்குப் பத்து பிரிண்டுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு ட்ரே, இல்லையென்றால் விரல் நுழையாது. பிளாஸ்டிக் நல்லது. நம் ஊரில் எவர்சில்வருக்குப் பஞ்சமில்லை, அதுவும் ஆகும். அலுமினியம் ஆகவே ஆகாது. டெவலப்பரின் காரம் அதை அரித்துக் குமிழி விடும். சமையலறையிலிருந்து வந்த எதுவும் திரும்பிச் சமையலறைக்குப் போகக் கூடாது. மருந்துக்கு ஒரு இடுக்கி, ரப்பர் கையுறை. டெவலப்பரில் உள்ள மெட்டால் சிலர் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

முதல் பெட்டி பேப்பர் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. வகையாக இருக்கட்டும். 1+9 (ஒரு பங்கு மருந்து, ஒன்பது பங்கு தண்ணீர்) கலந்த மல்டிகிரேடு டெவலப்பரில் ஒரு நிமிடம், ஸ்டாப் பாத்தில் பத்து நொடி, 1+4 ஹைப்போவில் அரை நிமிடம், இரண்டு நிமிட அலசல். அந்தப் பூச்சில்லாத ஃபைபர் பேப்பர் அழகுதான், ஆனால் அலச நேரமும் தண்ணீரும் அதிகம், காயும்போது அப்பளம் மாதிரி வளையும். பேப்பரைக் கோடையில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே உறையைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் தாள் வியர்க்கும்.

6. என்லார்ஜர் இல்லாமல் முதல் பிரிண்ட்

கண்ணாடிக் கடையில் ஐந்து மி.மீ. கண்ணாடியைப் பத்துக்குப் பன்னிரண்டாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வாங்கி வாருங்கள். பேப்பரின் பளபளப்புப் பக்கம் மேலே, அதன் மேல் நெகட்டிவின் மங்கல் பக்கம் கீழே, அதன் மேல் கண்ணாடி. மேலே ஒரு சிறிய வெள்ளைப் பல்பு. ஒரே நொடியில் கறுத்துப்போனால் பல்பைச் சுவரை நோக்கித் திருப்புங்கள்.

பேப்பரைப் பட்டை பட்டையாக மூடி 2, 4, 6, 8 நொடி கொடுத்துப் பாருங்கள். ஃபிலிமின் வெற்று ஓரம், துளைகள் உள்ள பகுதி, முழுக் கறுப்பாக வரும் மிகக் குறைந்த நேரம் எது? அதே நேரத்தில் படங்கள் எல்லாம் வெளிறியிருந்தால் ஃபிலிம் அதிகம் டெவலப் ஆகியிருக்கிறது, அல்லது கேமராவில் வெளிச்சம் அதிகம். இருண்டிருந்தால் நேர்மாறு. மருந்து, விளக்கு, பேப்பர், நெகட்டிவ் நான்கும் சரியா என்று என்லார்ஜர் இல்லாமலே தெரிந்துவிட்டது. இந்தப் படியில் சலித்துப்போய் விட்டுவிட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு என்லார்ஜர் பணம் மிச்சம்.

7. லென்ஸ்

35 மி.மீ. நெகட்டிவுக்கு 50 மி.மீ. லென்ஸ், 120 ரோலில் ஆறுக்கு ஆறு செ.மீ. நெகட்டிவுக்கு 75 அல்லது 80, ஆறுக்கு ஏழு செ.மீ. நெகட்டிவுக்கு 90. 50-ஐ ஆறுக்கு ஆறில் போட்டால் மூலை இருளும். 80-ஐ 35-ல் போட்டால் கூரை இடிக்கும். கணக்கு இதுதான்: 35 மி.மீ. நெகட்டிவை எட்டுக்குப் பத்தாக்க, 50 லென்ஸில் நெகட்டிவுக்கும் பேப்பருக்கும் நடுவே சுமார் 53 செ.மீ. வேண்டும், 80 லென்ஸில் 85 செ.மீ. அதற்கு மேல் விளக்குத் தலையின் உயரம். பரணை அளக்கச் சொன்னது இதற்குத்தான்.

எல்-நிக்கார், காம்போனான்-எஸ், ரோடகான் மூன்றில் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆனால் கண்ணைத் திறந்து பூஞ்சையைப் பார்த்துவிட்டு. துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருப்பது தெரியும். ஏற்காட்டில் ஒரு நண்பர் நல்ல லென்ஸைத் தோல் உறையோடு பீரோவில் ஒரு மழைக்காலம் வைத்திருந்தார். எடுத்தபோது உள்ளே காடு. மலையில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வறுத்துப் போடுங்கள்.

8. என்லார்ஜர்

இப்போது போய்ப் பாருங்கள். கையில் நாடா, டார்ச், சின்ன ரசமட்டம், ஒரு நெகட்டிவ், உங்கள் லென்ஸ்.

முதலில் தலையைப் பாதி உயரத்தில் நிறுத்தி விரலால் தட்டுங்கள். இரண்டு நொடிக்கு மேல் ஆடினால் திரும்பி வந்துவிடலாம். அடுத்து நெகட்டிவைப் பிடித்துக்கொள்ளும் கேரியர் இருக்கிறதா, உங்கள் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். "அது எங்கயோ கிடக்கும் சார், தேடித் தர்றேன்" என்றால் தேடித் தந்த பிறகு பணம் கொடுங்கள். கேரியரும் லென்ஸை மாட்டும் லென்ஸ் போர்டும் இல்லாத என்லார்ஜர் வெறும் மேசை விளக்கு. லென்ஸ் மரை பெரும்பாலும் 39 மி.மீ., ஆனால் போர்டு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, அதனால்தான் உங்கள் லென்ஸை எடுத்துப் போகச் சொன்னேன்.

பல்பு எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அமெரிக்க என்லார்ஜர்களில் 120 வோல்ட் பல்பு இருக்கும், நம் வீட்டு 230-ல் போட்டால் ஒரு மின்னலோடு சரி. அறையை இருட்டாக்கி விளக்கைப் போட்டு பெல்லோஸில் (மடிப்பு மடிப்பான துருத்தி) ஓட்டை தெரிகிறதா என்று சுற்றிவந்து பாருங்கள். ஃபில்டர் வைக்க மேலே இழுப்பறை இருந்தால் நல்லது. லென்ஸுக்குக் கீழே வைத்தாலும் வேலை ஆகும், ஆனால் கீறல் படத்தில் தெரியும்.

கடைசியாக ரசமட்டம். அடிப்பலகை, நெகட்டிவ் மேடை, லென்ஸ் போர்டு மூன்றிலும் வைத்துப் பாருங்கள், குமிழி மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நடுவில் நிற்கத் தேவையில்லை, மேசையே சாய்ந்திருக்கலாம். ஒன்று மட்டும் விலகினால் படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். திருகி நேராக்க இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

9. மிச்சச் சாமான்

படம் கூர்மையாக விழுகிறதா என்று பெரிதாக்கிக் காட்டும் கிரெயின் ஃபோகசர் வாங்குங்கள், கண்ணை நம்பாதீர்கள். பேப்பரை அமுக்கிப் பிடிக்கும் ஈஸல் வேண்டும் (மழைக்கால ஈசல் இல்லை). மல்டிகிரேடு ஃபில்டர் செட்டில் 00 முதல் 5 வரை இருக்கும். மூன்றரை வரை ஒரே நேரம், 4-லிருந்து இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். இதை மறந்து படம் வெளிறிவிட்டது என்று குழம்புகிறவர்கள் நிறைய. டைமர் இல்லாவிட்டால் டிக் டிக் கடிகாரம் போதும்.

வோல்டேஜ் குறைந்தால் பிரிண்டும் மாறும். இழை பல்பில் ஐந்து சதவீதம் வோல்டேஜ் இறங்கினால் வெளிச்சம் பதினைந்து சதவீதம் போல இறங்கும். பக்கத்து வீடுகளில் ஏ.சி. ஓடும் எட்டு, ஒன்பது மணிக்கு எடுத்த டெஸ்ட் ஸ்ட்ரிப் (நேரம் பார்க்கும் சோதனைத் துண்டு) பதினோரு மணிக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம். ஸ்டெபிலைசர் வாங்கும்வரை பத்தரைக்கு மேல் தொடங்குங்கள்.

10. பழைய ஹைப்போவுக்கு ஒரு வாளி

வரிசையில் கடைசியில் வந்தாலும் இதை வாங்கிவிட்டே தொடங்க வேண்டும். ஃபிலிமிலும் பேப்பரிலும் இருந்த வெள்ளி கரைந்து ஹைப்போவில்தான் தங்குகிறது. செப்டிக் டேங்க்கில் ஊற்றினால் உள்ளே வேலை செய்யும் கிருமிகளைக் கொல்லும். மலையில் கொல்லையில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகும்.

மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, அதில் மர பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் இரும்புக் கம்பிப் பஞ்சைப் போட்டு, வீட்டுக்கு வெளியே சில நாள் விடுங்கள். இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் இறங்கும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் போட்டால் ஒன்றும் நடக்காது, அது இதற்கு மசியாது. ஒரு மாதம் காத்திருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

இரண்டு வருடச் சேற்றைக் காயவைத்து ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டு, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் கொண்டுபோனேன். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "வெள்ளிதாங்க. இன்னொரு பத்து வருசம் சேத்துக்கிட்டு வாங்க, திருகாணி செஞ்சு தர்றேன்" என்றார்.